கால் வயிறு

பிப்ரவரி 3, திங்கள்

சாப்பிடுவதையெல்லாம் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் உத்தரவு போட்டிருக்கிறாள். இன்று: மோர் அரை டம்ளர். பருப்புத் தண்ணீர் அரை டம்ளர். புரதப் பொடி கரைத்த பால் முக்கால் டம்ளர். எழுதியாகிவிட்டது. பக்கத்தில் மூன்று வரிதான் நிறைந்திருக்கிறது. மீதியை வீணாக்க மனமில்லாமல் மற்றதையும் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். எடுத்ததை என்ன செய்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். ஐம்பத்து மூன்று வருஷம் சோறு போட்டு வளர்த்தது, மரியாதைக்காவது விசாரிக்க வேண்டாமா? அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் அருப்புக்கோட்டையில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். நூற்று முப்பத்தொரு கிலோ இருந்தேன். கடைக்குத் தனியாக போர்டு தேவைப்படவில்லை. ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. என் மனைவி ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் தூங்காமல் இருந்தாள். சர்க்கரை வேறு, முட்டி வேறு. அதற்காகத்தான் செய்துகொண்டேன், அழகுக்கு இல்லை. என்னைப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஊருக்குச் சொல்லியிருப்பது குடலிறக்க ஆபரேஷன் என்று. ஜெயக்கொடியின் ஏற்பாடு. "வாயைக் கட்ட முடியாம வயித்த வெட்டிக்கிட்டான்னு சிரிப்பாங்க. வீட்டுல கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு நிக்கிறா" என்றாள். அவளுடைய அண்ணன் கனகவேல் மச்சானுக்குக்கூடத் தெரியாது. தெரிந்த ஆட்கள் நாங்கள் இருவரும் மகள் வினோதினியும்தான்.

வினோ என் வார்ப்பு. தோள், கன்னம், சிரிப்பு, பசி எல்லாம். வயது இருபத்தாறு. கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். மூன்று மாடி ஏறி வகுப்பெடுக்கிறாள், என்னை மாதிரி மூச்சு வாங்குவதில்லை. என் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு அடுப்படியில் நின்றபடி ஆறு இட்லி சாப்பிட்டாள். வாசனை வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஹார்லிக்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. இந்த ஊரில் ஒருவன் எதற்காகப் படுத்தாலும் ஹார்லிக்ஸ்தான். குடலிறக்கத்துக்கு என்னென்ன தூக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் தலையாட்டுகிறேன். இல்லாத நோய்க்கு எவ்வளவு பத்தியம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து வினோவைப் பெண் பார்க்க வந்தார்கள். கனகவேல் மச்சான் கொண்டுவந்த சம்பந்தம். பையன் பெயர் பிரதீபன், பாங்கில் வேலை. அப்பா தர்மராஜ் அண்ணாச்சி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அம்மா சரோஜா நல்ல கலகலப்பு. வினோவின் கன்னத்தைத் தொட்டு, "பிள்ளை மொழுமொழுன்னு இருக்கா" என்றார்கள். ஜெயக்கொடி அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி வரை இரண்டு விதமாகவும் அர்த்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன் மூன்று வரன் வந்தது. மூன்றும் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனபின் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னார்கள். வந்ததே ஜாதகம் பார்த்துவிட்டுத்தான். வினோ அப்போதெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவள் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் போன பிறகு டம்ளர்களை அவளே கழுவினாள், பாடிக்கொண்டே.

இது நடக்க வேண்டும். எனக்கு இப்போதைக்கு வேறு ஆசை இல்லை. வேறு ஆசைகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

குழைந்த சோறு மூன்று கரண்டி. நாலாவது கரண்டியில் மூக்கு ஒழுகியது, விக்கல் வந்தது. போதும் என்று வயிறு சொல்லும் பாஷை இதுதானாம். முன்பு என் வயிறு என்னிடம் போதும் என்று சொன்னதே கிடையாது. இப்போதுதான் பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கிறது.

ஜெயக்கொடி இன்னும் பழைய அளவுக்கே பொங்குகிறாள். கை பழகிவிட்டதாம். வினோவும் ராத்திரியில் சாப்பிடுவதில்லை, கல்லூரியில் ஏதோ தின்றுவிட்டு வருகிறாளாம். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஜெயக்கொடி, "இந்த வீட்டுல யாருக்குத்தான் நான் சமைக்கிறேன்" என்றாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

பையன் தினமும் வினோவோடு போனில் பேசுகிறான். நல்ல பையன்.

மார்ச் 9, ஞாயிறு

கோவில்பட்டிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். நான், ஜெயக்கொடி, மச்சான். வழக்கப்படி வினோ வரவில்லை.

எங்கள் பக்கம் பேச்சு முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம், அதாவது சாப்பாட்டுக்கு உட்கார மாட்டோம். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவு என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாற்றிப் பேச முடியாது. காபி பலகாரம் மட்டும் கணக்கில் வராது, அதைத் தொடலாம், தொடவும் வேண்டும். கேசரியும் வடையும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கேசரியில் ஒரு ஸ்பூன் எடுத்தேன். அதற்கே நெஞ்சு படபடத்து வேர்த்துவிட்டது. இனிப்பு எனக்கு இப்போது அப்படித்தான் செய்கிறது. வடையைத் தொடவில்லை. காபியை வாயருகே கொண்டுபோய்க் கீழே வைத்தேன். சரோஜா அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார்கள்.

மார்ச் 13, வியாழன்

பயந்தது நடந்துவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஒரு வடையைக்கூடத் தொடவில்லை என்று கோவில்பட்டியில் பேச்சாம். மச்சான் போன் போட்டுக் கத்தினார். நூற்று முப்பது கிலோ ஆள் வடையைத் தொடவில்லை என்றால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள் என்று அவர் கேட்டது நியாயம்தான். நான் விரதம் இருந்ததாக அவரே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருக்கிறார். எந்தச் சாமிக்கு என்று கேட்டேன். அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

கோவில்பட்டியிலிருந்து தகவல் இல்லை. பையன் மட்டும் வினோவோடு பேசுவதை விடவில்லை. அதனால்தான் நம்பிக்கை.

புரதப் பொடி டப்பா மாதக் கடைசிக்கு முன்பே காலி. கரண்டிக் கணக்கு தப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். கம்பெனிக்காரன் குறைத்துப் போடுகிறான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கொழுப்புப் போர்வை போனதால் குளிர்கிறதாம். அருப்புக்கோட்டை சரித்திரத்தில் சித்திரை மாதம் ஸ்வெட்டர் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இருபத்திரண்டு கிலோ போயிருக்கிறது. முட்டி வலி இல்லை. படுத்தால் தூங்குகிறேன். ஜெயக்கொடியும் தூங்குகிறாள், குறட்டை விட்டு. சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

முதலில் "சுகரா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. அது நல்லதுக்கில்லை. டெய்லர் என் இடுப்பை அளந்தான், டேப்பைச் சுருட்டினான், "எல்லாம் கடவுள் பாத்துக்கிடுவாரு" என்றான். அண்டா எடுக்க வந்த ஒருவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் எத்தனை அண்டா என்று சொன்னார்.

முடி கொட்டுகிறது. இதுவும் எதிர்பார்த்ததுதான், ஆறு மாதத்தில் திரும்ப வருமாம். சீப்பில் நீள முடியும் கொத்தாக இருக்கிறது. ஜெயக்கொடியுடையதாக இருக்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வினோ வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று கல்லூரியிலிருந்து போன். ஓடிப் போனேன். என்னால் இப்போது ஓட முடிகிறது. இளநீர் கொடுத்துக் கூட்டி வந்தேன். வெயில்தான் காரணம் என்றாள். இந்த வருஷம் வெயில் அதிகம்தான்.

மே 4, ஞாயிறு

வினோவின் சுடிதார்களையெல்லாம் டெய்லரிடம் கொடுத்து, பிடித்துத் தைத்து வாங்கி வந்தாள் ஜெயக்கொடி. அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்பனும் மகளும் போட்டி போட்டு இளைக்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். கல்யாணக் களை வந்துவிட்டது என்றாள். எனக்குக் களை தெரியவில்லை, கண்ணுக்குக் கீழே கருப்புதான் தெரிந்தது. ஆனால் இதிலெல்லாம் பெண்களுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

மே 18, ஞாயிறு

மச்சான் வந்தார். வந்தவர் நேராக என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்த வியாதி, அதாவது பேர் சொல்ல மாட்டார்களே அது, வயிற்றில் வந்து முற்றிவிட்டது என்று கோவில்பட்டி வரைக்கும் செய்தி போயிருக்கிறது. தகப்பன் இன்றைக்கோ நாளைக்கோ என்றிருக்கும் வீட்டில் பெண் எடுப்பதா என்று தர்மராஜ் அண்ணாச்சி தயங்குகிறாராம்.

எனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தேன். மச்சான் மூக்கைத் துடைத்துவிட்டு, "அப்ப ஜூன் எட்டாம் தேதி அவங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரு முன்னாடியும் இலையில உக்காந்து நல்லா சாப்பிடுங்க. நம்பிருவாங்க" என்றார். அன்றைக்கே கை நனைத்து, ஆவணியில் கல்யாணம்.

என்னால் முடியாத ஒன்றே ஒன்று அதுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன் ஜெயக்கொடியிடம். பெண்ணின் உடம்பைப் பார்த்து மூன்று பேர் ஓடியது போதாதா, அப்பனுக்கு அறுத்துத்தான் குறைத்தார்கள் என்று தெரிந்தால் நாலாவதும் ஓடும் என்றாள். வினோ சன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

ஒத்திகை. தலைவாழை இலை போட்டு, கூட்டு, பொரியல், அவியல், அப்பளம் எல்லாம் வைத்து ஜெயக்கொடி பரிமாறினாள். சாப்பிடாமலே சாப்பிட்ட மாதிரி காட்ட வேண்டும். சோற்றைப் பிசைந்து இலை முழுக்கப் பரப்ப வேண்டும். கூட்டுக்கு அடியில் கொஞ்சம் தள்ள வேண்டும். அப்பளத்தை நொறுக்கி மேலே போட்டு மூட வேண்டும். நடுநடுவே கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். "வாயை அசைங்க" என்றாள். அசைத்தேன். பல் வலிக்காரன் மாதிரி இருக்கிறதாம்.

மூன்றாவது தடவையில் தேறினேன். வினோவை உட்காரச் சொன்னோம், பசியில்லை என்றாள். மூன்று இலைச் சாப்பாடும் தெருநாய்களுக்குப் போனது. நானூறு பேருக்குச் சாப்பாடு போடும் ஜாமான் வைத்திருக்கிற வீட்டில் சாப்பிட ஆளில்லை.

ஜூன் 7, சனி

வெளுத்த வேட்டி எடுத்து வைத்தாயிற்று. வயிறு சரியாக இருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு முதல் நாள்கூட இப்படி இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் மாலை ஒன்றுதான் பாக்கி. இலை போட்டார்கள். ஆண்கள் வரிசையில் நான், பக்கத்தில் மச்சான், எதிரே தர்மராஜ் அண்ணாச்சியும் பையனும். பெண்கள் அடுத்த பந்தி என்பதால் ஜெயக்கொடி சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். சரோஜா அம்மா பாயசத்திலிருந்து எல்லாம் வைத்து, சோறு போட்டு, பருப்பு ஊற்றினார்கள். நான் கையைக் கொண்டுபோகும்போது தர்மராஜ் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிசம் சம்பந்தி. கேக்கக் கூடாது, ஆனாலும் கேக்குறேன். பொண்ணு குடுக்கிறவரு நல்லா இருக்கணும்ல. உங்க உடம்புக்கு என்ன?"

தன்மையாகத்தான் கேட்டார். அந்த மனுஷனுக்கு முன்னால் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றை மூட எனக்கு மனது வரவில்லை. சொல்லிவிட்டேன். எடை, மூச்சு, ஆபரேஷன், வாழைக்காய் அளவு, எல்லாம். ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு தர்மராஜ் அண்ணாச்சி சிரித்தார். வீடே சிரித்தது. இவ்வளவுதானா, இதற்கா நாங்கள் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்றார்கள். சரோஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் மூன்று வாய் சாப்பிட்டால் போதும், அது முப்பது வாய்க்குச் சமானம் என்றார்கள். ஜெயக்கொடி கண்ணைத் திறந்தாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நான்கு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்தது இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

சரோஜா அம்மா என் இலையில் நெய்யை ஊற்றினார்கள், ஒரே ஒரு சொட்டு, அவ்வளவு கரிசனம். ஊற்றிக்கொண்டே சொன்னார்கள். "அப்ப நம்ம வினோவுக்கும் அதையே செஞ்சிருவோம் அண்ணே. ஆவணிக்குள்ள ஆளு பாதியாயிருவா. போட்டோவுக்கும் நல்லா இருக்கும். செலவப் பத்தி யோசிக்காதீங்க, நாங்க பாத்துக்கிடுறோம்."

நான் பையனைப் பார்த்தேன். அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். தினமும் போனில் பேசுகிறவன். அவன் சொன்னான். "நானும் இதைத்தான் நெனைச்சேன் மாமா. அவ ட்ரை பண்றா, ஆனா ஸ்லோவா இருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயிற்றில் அந்தத் தையல் போட்ட இடம் குளிர்ந்துபோனது. சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை. பிறகு எழுந்தேன். சப்பணமிட்டு உட்கார்ந்தவன் யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்தது பல வருஷத்துக்குப் பிறகு இன்றுதான்.

"என்ன சம்பந்தி, கை நனைக்காம எந்திரிக்கிறீங்க" என்றார் தர்மராஜ் அண்ணாச்சி. அவர் முகம் மாறிவிட்டது.

"எம் மக வயித்துல வெட்டி எடுக்க ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அவ நல்லாத்தான் இருக்கா. நீங்க சாப்பிடுங்க."

ஜெயக்கொடியைக் கூப்பிட வேண்டும் என்று திரும்பினேன். நாற்காலியில் ஆள் இல்லை. இந்தச் சம்பந்தத்துக்காக நாலு மாதம் பொய் சொன்னவள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் மட்டும் பாயசத்தில் கை வைத்திருந்தார். அது கை நனைத்ததில் சேர்த்தியா இல்லையா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் வினோ நின்றிருந்தாள். போன் கையில் இருந்தது, ஆனால் இன்னும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "கை நனைச்சீங்களாப்பா?" என்றாள்.

"இல்லம்மா."

காரணத்தைக் கேட்டாள். அவளிடமாவது மறைக்காமல் இருப்போம் என்று, அந்த அம்மா சொன்னதையும் அவன் சொன்னதையும் அப்படியே சொன்னேன். இந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கிட்ட முதல்ல பத்து கிலோதான்ப்பா சொன்னாரு. பதினொண்ணு குறைச்சேன். போதுமான்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம்னாரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு மாதமாக நான் விழுங்கிய ஒவ்வொரு கரண்டியையும் இந்த நோட்டில் எழுதினேன். எதிரே இருந்த பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று பார்க்கவில்லை.

என் பக்கம் திரும்பி, "பசிக்குதுப்பா" என்றாள்.

"எப்போயிருந்தும்மா?"

"மாசியில இருந்து."

அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன். எலும்பு தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள்தான் என் முதுகைத் தடவினாள். ஜெயக்கொடி பட்டுப்புடவையை மாற்றாமலே அடுப்படிக்குள் போய்த் தோசைக்கல்லைப் போட்டாள். முதல் தோசை கல்லில் ஒட்டிப் பிய்ந்து வந்தது. வினோ அதையும் வாங்கிச் சாப்பிட்டாள்.